மணிவிழா மலரின் அறுபத்து மூன்றாம் பக்கம்

வடையைத் தின்னும் முன் வடை மடித்து வந்த காகிதத்தைப் படித்து முடிப்பவர் அக்கா. எண்ணெய் ஊறிய அரைத் துண்டுச் செய்தித்தாள். எங்கோ ஒரு மாடு கிணற்றில் விழுந்திருக்கும். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்த இடத்தில் காகிதம் கிழிந்திருக்கும். "மாடு பொழச்சுதா இல்லையான்னு தெரியலையே சார்" என்று அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எங்களை வேலை செய்ய விடமாட்டார். வடை ஆறி, தோல் சுருங்கி, யாருக்கும் வேண்டாத பொருளாக மேசையில் கிடக்கும்.

எங்கள் ஊரில் இதை ஒரு வியாதி என்றுதான் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் எழுத்து என்பது படிப்பதற்கானதல்ல. சந்தனம் வைப்பதற்கு, சட்டம் போட்டு மாட்டுவதற்கு, கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கு. செங்கம் ரோட்டில் 'மௌனம்' என்று நாலு மொழியில் எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டு நாலு மொழியிலும் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவார்கள். மலையைச் சுற்றி எட்டு லிங்கம் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எத்தனை ஆசிரமம் என்று மலையைக் கேட்டால் அதுவே விழிக்கும். ஒவ்வொரு ஆசிரமத்துக்கும் ஒரு சுவாமி, ஒவ்வொரு சுவாமிக்கும் ஒரு ஜெயந்தி, ஒவ்வொரு ஜெயந்திக்கும் ஒரு மலர். அந்த மலர்களை அச்சடித்துத்தான் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அச்சகம் உயிர் வாழ்ந்தது.

அக்கா அங்கே கம்ப்யூட்டரில் டைப் அடிப்பவர். நான் மலர்களுக்கு மொழி திருத்துபவன், மீதி நேரத்தில் கவிதை எழுதுபவன். என்னைவிட அவருக்கு இரண்டு வயது குறைவு. ஆனாலும் அக்கா. அறுபது வயது முதலாளிக்கும் அக்காதான். எல்லாவற்றையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒருவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு முறை கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படத்தோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அழுதுகொண்டே அவசரப்படுத்தினார்கள். அக்கா படத்தைப் பார்த்தார், எழுதிக் கொண்டுவந்த தாளைப் படித்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இவரு நேத்து சாயங்காலம் இங்க வந்து விசிட்டிங் கார்டு வாங்கிட்டுப் போனாரே."

"அது... அவரு தம்பிம்மா. ஒரே ஜாடை."

"அப்ப செத்தது அண்ணன். படம் தம்பியோடது."

இருவரும் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பவே சொன்னேன் பாரு" என்று ஒருவன் மற்றவனை அடிக்கக் கையை ஓங்கினான். அன்றைக்குத் தம்பி பிழைத்தார்.

இன்னொரு நாள், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு தியான மையத்தின் சேர்க்கைப் படிவம். எறும்பு எழுத்தில் பத்தொன்பது நிபந்தனைகள். மையத்து மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். விழித்திருக்கும்போதும் தியானத்தில் இருப்பதுபோலத் தெரிவது அவர் தொழில் தர்மம்.

"சார், இங்க ஒண்ணு போட்டிருக்குது. பயிற்சியில உயிர் போனா நிர்வாகம் பொறுப்பில்லைனு. கண்ண மூடிட்டு உக்காந்திருக்கிறதுல உயிர் எதுக்குங்க போவுது?"

மேனேஜர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அது எல்லா ஃபார்ம்லயும் இருக்கும்மா. யாரும் படிக்க மாட்டாங்க."

"நான் படிக்கிறேனே."

"நீங்க சேரப் போறதில்லையே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்காமலே சொன்னார். "எங்கப்பா படிக்கத் தெரிஞ்சவரு சார். அஞ்சாவது பாஸ். என்ன ஹாஸ்டல்ல சேக்கும்போது ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. மேல சாமி படம் போட்டிருந்திச்சு. ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டு அப்படியே கையெழுத்துப் போட்டுட்டாரு. பின்னாடி ரொம்ப வருஷம் கழிச்சு அந்த ஃபார்ம நான் படிச்சேன். ஏழாவது வரி. குழந்தை சம்பந்தப்பட்ட எல்லா முடிவும் சுவாமிகளுடையதேன்னு இருந்திச்சு."

பிறகு ரசம் சாதத்தைப் பிசையத் தொடங்கிவிட்டார். நான் அதை ஒரு தகவல் என்று எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். கவிதை எழுதுகிறவனுக்குக் காது கூர்மை என்பார்கள். என் காதைப் பற்றி அப்படி யாரும் சொல்லிவிடக் கூடாது.

அந்த ஹாஸ்டல் இருந்த ஆசிரமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன்; அங்கே நடந்தது எனக்குத் தெரிந்ததே வெகு நாள் கழித்துத்தான். மலைப்பாதையில் அடி அண்ணாமலை தாண்டி, வேப்ப மரங்களுக்கு நடுவே, ரோஜா நிறச் சுவரோடு இருக்கும் என்று சொன்னால் அப்படி ஏழு இருக்கின்றன. சுவாமி, அறக்கட்டளை, ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு இலவச விடுதி, மாடியில் சுவாமியின் அறை, கீழே பிள்ளைகள் தூங்கும் கூடம். அக்கா அங்கே ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இருந்தார். அவரோடு படித்த இன்னும் மூன்று பெண்களும் அங்கே இருந்தார்கள். நாலு பேருக்கும் சுவாமி செய்தது ஒன்றே. இருபத்தைந்து வருடங்கள் நாலு பேரும் அதை ஆளுக்கு ஒரு ஊரில், ஆளுக்கு ஒரு சமையலறையில், தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தபோதுதான் அது நாலு பேருக்கும் பொதுவானது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வேண்டியிருந்தவை இரண்டே. அந்த மாடிக்குக் கீழே இன்றைக்கும் தூங்கிக்கொண்டிருக்கிற நாற்பது சொச்சம் பெண்பிள்ளைகளை அங்கிருந்து வெளியே கொண்டுவருவது. 'இது நடந்தது, எங்களுக்குத் தெரியும்' என்று அறக்கட்டளையை அதன் சொந்த வாயால் சொல்லவைப்பது. ஒரு ஸ்டேஷனில் போய்ச் சொன்னார்கள். "இத்தன வருஷம் இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்குள், மேலே மாட்டியிருந்த சுவாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்ற நேரமாகிவிட்டது.

ஆகவே அறக்கட்டளைக்கே எழுதினார்கள். அக்கா டைப் அடித்தார், நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள். பத்தாம் நாள் பதில் வந்தது.

'அன்புடையீர், தாங்கள் அனுப்பிய அனுபவக் கடிதம் கிடைக்கப்பெற்றோம். அது சுவாமிகளின் திருவடிகளில் சமர்ப்பிக்கப்பட்டது. தங்கள் பக்தி மென்மேலும் வளரப் பிரார்த்திக்கிறோம். பிரசாதம் இணைத்துள்ளோம்.'

சுவாமியின் மேல் கொடுத்த புகாரைச் சுவாமியின் காலடியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, விபூதி அனுப்பியிருந்தார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த அலுவலகத்தில் பக்தரிடமிருந்து வருகிற தபால் எல்லாமே அனுபவக் கடிதம். சர்க்கரை வியாதி குறைந்தது, மாமியார் திருந்தினாள், விசா கிடைத்தது. உறையைப் பிரிப்பார்கள், முகவரியை எடுப்பார்கள், விபூதியை மடிப்பார்கள். கடிதத்தைப் படிப்பது யார் வேலையும் இல்லை.

மறுபடி அனுப்பினார்கள். மறுபடி விபூதி. மூன்றாவதற்குக் குங்குமமும் சேர்ந்து வந்தது. நாலு பேரில் ஒருவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டிக்காரரின் மனைவி. அறையில் யாருக்காவது மூச்சு முட்டினால் ஒரு பகடியால் ஜன்னலைத் திறந்துவிடுகிற பெண்மணி. அவர் அந்தப் பொட்டலங்களைக் கையில் எடை போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். "இன்னும் நாலு வாட்டி புகார் குடுத்தம்னு வை, கோயில் வாசல்ல கடை போட்றலாம்டி."

நேரில் போனபோது விசாரணைக் குழு ஒன்று அமைத்தார்கள். மூன்று பேர். மூவர் சட்டைப் பையிலும் சுவாமி சிரித்துக்கொண்டிருந்தார். விசாரணை பஜனையோடு தொடங்கியது. பஜனை முடிந்ததும், முதலில் சுவாமிக்குப் பாத பூஜை செய்துவிட்டு வாருங்கள், மனசு தெளிவடையும், பிறகு பேசலாம் என்றார்கள். நாலு பேரும் எழுந்து வெளியே வந்தார்கள். வாசலில் ஒரு தொண்டர் ஓடிவந்து ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்.

அடுத்த மாதம் அறக்கட்டளையிலிருந்து எங்கள் அச்சகத்துக்கு ஓர் அறிவிப்பு வந்தது. சுவாமிக்கு அறுபது நிறைகிறது. மணிவிழா மலர். 'விடுதியின் முன்னாள் மாணவிகள் சுவாமிகளுடனான தங்கள் அனுபவங்களை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பலாம்.'

டைப் அடிக்க வந்தது அக்காவிடம். அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு திரும்பி என்னிடம், "அவங்களே கேக்கறாங்க சார்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன். மலர்த் தொழிலில் அது தேர்ச்சி.

அதே புகார்க் கடிதத்தை நாலு கையெழுத்தோடு தபாலில் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து எங்களுக்கு வந்த அனுபவக் கடிதக் கட்டில் அது இருந்தது. மேலே அறக்கட்டளைச் செயலாளரின் சுருக்கொப்பம். பக்கத்தில் ஊதா மையில் முத்திரை: 'வெளியிடலாம்.' அக்கா ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மற்றதையெல்லாம் எப்படி அடித்தாரோ அப்படியே அடித்தார். அறக்கட்டளையின் விருப்பப்படி எல்லா அனுபவங்களுக்கும் ஒரே தலைப்பு: 'சுவாமிகளும் நானும்.' இதற்கும் அதுவே.

அடித்த பக்கங்களின் மெய்ப்பு, பிழை திருத்த, என்னிடம் வந்தது. வெயில் காலம், மின்சாரம் போயிருந்தது, என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் சாக்கு. அக்கா மெய்ப்புக் கட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

"சார், அறுபத்து மூணாம் பக்கத்த மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படிங்க."

நான் புரட்டினேன். ஓரம் சரியாக இருந்தது. பத்திகள் சரியாக இருந்தன. பக்க எண் அதன் இடத்தில் இருந்தது. மூலையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பாத்துட்டேம்மா."

"பாக்கச் சொல்லல சார். படிக்கச் சொன்னேன்."

"எல்லாம் படிச்ச மாதிரிதான். வருஷா வருஷம் இதானே வருது."

நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அங்கே ஒருவருடைய சிறுநீரகக் கல் சுவாமியின் பார்வையில் கரைந்துகொண்டிருந்தது.

மெய்ப்பு செயலாளரிடம் போனது. அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு அனுப்பினார். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் சந்தனக் கறை கூட விழுந்திருந்தது. முகப்பில் அவர் பெயரில் வழக்கமான முன்னுரை. அதில் ஒரு வரி வரும்: 'இம்மலரின் ஒவ்வோர் அனுபவமும் அறக்கட்டளையால் முழுமையாகப் படித்துச் சரிபார்க்கப்பட்ட சத்தியம்.' பல வருடங்களுக்கு முன் அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். சந்தம் நன்றாக இருக்கிறது என்று அப்போது பாராட்டினார்கள்.

வெளியீட்டு விழா காலை பத்து மணிக்கு. பந்தல், நாதஸ்வரம், வெள்ளி ஊஞ்சல். சுவாமி முதல் பிரதியை வாங்கி, கண்ணில் ஒற்றி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கடைசி வரிசையில் நாலு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். "எங்க எழுத்த அவரே தூக்கிக் காட்றாரு சார், கூட்டம் கை தட்டுது" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். "நான் எந்திரிச்சு நின்னுட்டேன். பிரிச்சுடுவாரோன்னு. பிரிக்கவே இல்ல."

அவர் மட்டுமா. யாருமே பிரிக்கவில்லை.

இரண்டாயிரம் பிரதிகள். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் அச்சகத்துக்கு வரும்போது முகத்தில் ஒரு கேள்வியோடு வருவார். யாராவது கூப்பிட்டார்களா, யாராவது திட்டினார்களா, யாராவது வந்து கல்லெறிந்தார்களா. ஒன்றும் இல்லை. மலர்கள் பூஜை அறைகளுக்குப் போய்விட்டிருந்தன. மேலட்டையில் சுவாமியின் நெற்றியில் பக்தர்கள் நிஜச் சந்தனம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் அக்கா மலரைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து என் மேசையில் வைத்தார்.

"ரெண்டாயிரம் வீட்ல எங்களுக்குக் கற்பூரம் காட்றாங்க சார். ஒருத்தரு படிக்கலியே."

அன்றைக்குத்தான் நான் படித்தேன். அதில் இருந்ததை இங்கே எழுதமாட்டேன். அவர்கள் எழுதிவிட்டார்கள், அதை எடுத்து என் வார்த்தைகளில் போர்த்துவது இன்னொரு திருட்டு. முப்பத்திரண்டு வரி. உவமை இல்லை, அழுகை இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. என் வாழ்நாளில் மொழி திருத்த ஒன்றும் இல்லாத ஒரே பக்கம் அதுதான்.

படித்து முடித்து, "ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னேனே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் ஊரைக் கடைசியில் படிக்க வைத்தது சுண்டல். மணிவிழாவுக்கு இரண்டாயிரம் போதாது என்று செயலாளர் கூடுதலாக அடிக்கச் சொல்லியிருந்தார். மீந்த கட்டுகள் ஆசிரமத்துக் கொட்டகையில் மழையில் நனைந்து, பழைய பேப்பர்காரரிடம் போய், அங்கிருந்து அடி அண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்துக்குச் சுண்டல் விற்கிற ஒரு பெண்ணின் கூடைக்கு வந்து சேர்ந்தன. புத்தகமாக இருந்தவரை அது தெய்வம். கிழித்துப் பொட்டலம் மடித்ததும் அது காகிதம். சுண்டல் காகிதத்தைப் படிக்காத தமிழன் உண்டா? ஒரு கையால் கொறித்துக்கொண்டு, மறு கையால் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தபடி சாயங்கால வெயிலில் மலையைச் சுற்றினார்கள். ஒரு பக்கம் சுவாமியின் வண்ணப் படம், மறுபக்கம் நாலு பெண்கள் கையெழுத்திட்ட கடிதம். எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் கசக்கி எறிந்தார்கள், தெரியாது. பந்தோபஸ்துக்கு நின்றிருந்த மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் நின்றார். மூன்று தடவை படித்தார். கூடைக்காரப் பெண்ணிடம் மீதிப் பக்கங்களைக் கேட்டார். "முன்னாடி போனவங்களுக்குக் குடுத்துட்டேன் மேடம், அல்லாம் சுண்டலோட போயிடுச்சு" என்றாள் அவள். முழுப் பிரதி வேண்டுமென்று தேடியபோது எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? அவர் ஸ்டேஷனின் சாமி அலமாரியிலேயே இருந்தது. சந்தனத்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேலை விட்டுப் பிரித்தார்களாம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது; எங்கள் ஊரில் எது வேகமாக நடக்குமோ அந்த அளவுக்கு. குழந்தைகள் நலக் குழுவிலிருந்து இரண்டு வேன் வந்து விடுதிப் பிள்ளைகளை அரசு இல்லத்துக்கு ஏற்றிப்போனது. சுவாமி நெஞ்சு வலி என்று சென்னையில் ஒரு குளிர்சாதன அறையில் கண் மூடிக் கிடந்தார். கோயில், மடம் வேலையெல்லாம் போய்விடும் என்று எங்கள் முதலாளி அழாத குறையாக அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார். வழக்கு நடக்கிறது, இன்றைக்கும். அக்கா இப்போது வேறு ஊரில் இருக்கிறார். நான் அவரைப் பார்த்து நாலு வருடமாகிறது. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், ஸ்டேஷனில் நடந்த ஒரு பகலைப் பற்றி.

அதற்கு முந்தின நாள் செயலாளர் எனக்குப் போன் செய்தார். அவர் ஹலோ சொல்வதில்லை. மலையின் பெயரைச் சொல்லி "அருணாசலம்" என்பார்.

"அருணாசலம். நீங்க நம்ம குடும்பம். விசாரணையில ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அந்தப் பக்கத்த நீங்க படிக்கல, அந்தப் பொம்பளை கம்ப்யூட்டர்ல நடுவுல சொருவிட்டான்னு."

"நான் படிக்கலைங்கறது உண்மைதான்."

"பாத்தீங்களா! உண்மையத்தான் சொல்லச் சொல்றேன்."

படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது அக்காவுக்கு உதவும். ஓடிப்போய் அவரிடம் கேட்டேன். வேலை போன பிறகும் தன் மேசையைத் துடைத்து வைக்க வந்திருந்தார்.

"பொய்யெல்லாம் வேணாம் சார். படிக்கலன்னே சொல்லுங்க."

"அப்புறம் உங்க மேல திருப்புவாங்களேம்மா."

"நான் சொருவல. அவங்க முத்திர இருக்குது, கையெழுத்து இருக்குது. நீங்க படிக்கல, அவங்க படிக்கல, எங்கப்பாவும் படிக்கல. யாரும் படிக்காததாலதானே இவ்வளவும் நடந்திச்சு. அதச் சொல்றதுக்கு இன்னா பயம்?"

சொன்னேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், முன்னுரையில் இருக்கிற 'படித்துச் சரிபார்க்கப்பட்ட' என்ற வரியை எழுதியதும் நான்தான் என்று. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா சம்பாதிக்கிறீங்க சார்" என்றார். அவ்வளவுதான் என் பங்கு.

பிறகு செயலாளர். பட்டுக்கரை வேட்டி, மூக்குக் கண்ணாடி, நெற்றி நிறையத் திருநீறு. எதிர் பெஞ்சில் நாலு பெண்கள்.

"நாங்க எதையுமே படிக்கறதில்லை மேடம். வர்றது ஜாஸ்தி. அப்படியே பிரஸ்ஸுக்குப் போயிடும்" என்றார் அவர், அது தன்னைக் காப்பாற்றும் என்ற தெம்பில்.

"இவங்க அனுப்பின மூணு ரிஜிஸ்டர் தபாலு?"

"அதையும் படிக்கல."

"படிக்காமதான் பதில் போட்டீங்களா?"

"அது எல்லாருக்கும் போடற பதில்."

"விசாரணைக் குழு வச்சீங்களே, இன்னா புகாருன்னு தெரியாமலா?"

செயலாளர் கைக்குட்டையை எடுத்தார். கீழ்பென்னாத்தூர்ப் பெண்மணி தாழ்ந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "லட்டு குடுக்கத்தான் கூப்ட்டாங்க மேடம்" என்றார். ஒரு கான்ஸ்டபிள் இருமுவதுபோலச் சிரித்தாள்.

இன்ஸ்பெக்டர் மலரை மேசையில் தள்ளினார். "இதுவரைக்கும் படிக்கல இல்ல? இப்ப படிங்க. வாய் விட்டு."

செயலாளர் படிக்கத் தொடங்கினார். முதலில் மலர் படிக்கிற ராகத்தில்தான் படித்தார், அவர் தொண்டைக்கு வேறு ராகம் தெரியாது. மூன்றாவது வரியில் ராகம் கழன்று விழுந்தது. பத்தாவது வரியில் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். நாலு பெண்களும் அவரைப் பார்க்கவில்லை. உதடு அசையாமல், அவர் வாயிலிருந்து தங்கள் வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டாவது வரியில் அவர் நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கண்ணு... எழுத்து தெரியலைங்க."

"கண்ணாடி போட்டுட்டுத்தான இருக்கீங்க?"

பக்கத்தைக் கிட்டத்தில் வைத்தார், தூரத்தில் வைத்தார். கீழ்பென்னாத்தூர்ப் பெண்மணி எழுந்து, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் காகிதம் இல்லாமல் சொன்னார்:

"'எந்தக் கிழமை எந்தப் பெண் மாடிக்குப் பால் கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியலை எழுதி, மாதாமாதம் சமையலறைக் கதவில் ஒட்டியவர், அப்போது விடுதிக் கண்காணிப்பாளராக இருந்து இப்போது அறக்கட்டளையின் செயலாளராக இருப்பவர். பால் கொண்டுபோக மாட்டேன் என்று அழுத பெண்களின் பெயரை மறுநாளே மறுபடி எழுதியவரும் அவர்தான்.' இதான் சாமி நீங்க வுட்ட வரி. அதுக்கடுத்தாப்ல பேரு போட்டிருக்கோம். அதப் படிங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தார். தன் கையெழுத்தோடு, தன் முத்திரையோடு, தன் முன்னுரையோடு தானே ஊருக்கு வழங்கிய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, செயலாளர் தன் பெயரைப் படித்தார். உதட்டுக்கு வெளியே அது வந்ததா என்றே சந்தேகமாக இருந்தது.

"கேக்கல" என்றார் அக்கா.